லேக் மார்க்கெட்டும் நூறு வருஷத்துச் சின்ன எரிச்சல்களும்

வெளியூரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இரண்டு வகைக் கஷ்டங்கள் உண்டு. வேலை போவது, உடம்புக்கு வருவது, ஊரில் பெரியவர்கள் தவறிப் போவது எல்லாம் பெரிய கஷ்டம். அதற்கு எப்படியோ நாலு பேர் கூடிவிடுவார்கள். இன்னொரு வகைக் கஷ்டத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நல்ல காபிப்பொடி கிடைக்காது. நம் பெயரை ஒருத்தர்கூட ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள். பொங்கலுக்கு லீவு கிடையாது. பெயருக்கு முன்னால் இருக்கும் ஒற்றை எழுத்து அப்பாவின் பெயர் என்று ஒவ்வொரு கவுன்டரிலும் புதிதாக விளக்க வேண்டும். "இதெல்லாம் ஒரு கஷ்டமாப்பா?" என்று ஊரில் கேட்பார்கள். பாங்காக்கில் இருப்பவர், துபாயில் இருப்பவர், நியூஜெர்சியில் இருப்பவர், கொல்கத்தாவில் பேங்க் உத்தியோகம் பார்க்கும் நான், எல்லோரும் இந்த இரண்டாவது வகையில் ஒரே கட்சி.

கொல்கத்தா வர பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். அதே ரூபாய், அதே சட்டம். ஆனால் சென்னையிலிருந்து ரயிலில் 1,660 கிலோமீட்டர். மொழி வேறு, அரிசி வேறு, எண்ணெய் வேறு, பஞ்சாங்கம் வேறு. நம்மவர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக இங்கே வந்து, புலம்பி, பழகி, வாழ்ந்திருக்கிறார்கள். சரித்திரப் புத்தகத்தில் வைஸ்ராய் வருவார், இட்லி அரிசி வராது. ஆனால் இந்த ஊரில் தமிழர்கள் உண்டாக்கி வைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் அடியில் இந்த மாதிரி ஒரு சின்ன எரிச்சல்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்கு இவ்வளவு தூரம் வந்தார்கள்?

எல்லாம் உத்தியோகம்தான். 1911 டிசம்பரில் தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாக அறிவிக்கும் வரை பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரம் கல்கத்தா. கணக்குத் துறை, நாணயத் துறை, ரயில்வே, தபால் என்று எல்லாவற்றுக்கும் மேலிடம் இங்கே. தலைநகர் போன பிறகும் பணம் போகவில்லை. சணல், தேயிலை, நிலக்கரி வியாபாரத்தை நடத்திய வெள்ளைக்காரக் கம்பெனிகள் கிளைவ் தெரு, டல்ஹௌசி சதுக்கம் பக்கம் வரிசையாக இருந்தன. இங்கிலீஷ் தப்பில்லாமல் எழுதுவான், டைப்பும் ஷார்ட்ஹேண்டும் தெரியும், கணக்கில் காலணா பிசகாது என்று மதராஸ் பையனுக்கு ஒரு பெயர் இருந்தது. அண்ணன் வந்து வேலையில் உட்காருவார், பின்னாலேயே தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுப் பையன் என்று வரிசை.

எங்கள் துறைக்கும் இதில் பங்கு உண்டு. 1806-இல் பேங்க் ஆஃப் கல்கத்தா என்று ஆரம்பித்து, 1809-இல் பேங்க் ஆஃப் பெங்கால் ஆனது ஒரு பக்கம். 1843-இல் வந்த பேங்க் ஆஃப் மெட்ராஸ் இன்னொரு பக்கம். பம்பாய் பேங்கையும் சேர்த்து 1921 ஜனவரியில் மூன்றையும் ஒன்றாக்கி இம்பீரியல் பேங்க் என்று பெயர் வைத்தார்கள். அதுதான் 1955-இல் ஸ்டேட் பேங்க் ஆனது. ரிசர்வ் பேங்க் 1935 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியபோது அதன் தலைமை அலுவலகம் இந்த ஊரில்தான் இருந்தது. 1937-இல்தான் நிரந்தரமாக பம்பாய் போனது. 1969 ஜூலையில் 14 பேங்குகளை தேசியமயமாக்கி, ஊர் ஊராகக் கிளை திறந்த பிறகு ஒரு டிரான்ஸ்பர் ஆர்டரில் மன்னார்குடிக்காரர் மால்டாவில் போய் உட்காருவது சகஜமாகிவிட்டது.

வருகிற வழியும் ஒரு காரணம். கிழக்குக் கரை ரயில் பாதை முழுசாக இணைவதற்கு முன்னால் மதராஸிலிருந்து கல்கத்தா வர கப்பல் ஏற வேண்டும், இல்லையென்றால் ரெய்ச்சூர், ஜபல்பூர், அலகாபாத் என்று நாட்டையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். 1900 வாக்கில் கோதாவரிக்கும் மகாநதிக்கும் பாலம் போட்டு, நேர் பாதை வந்தது. அதற்கப்புறம்தான் மதராஸ் மெயிலில் ஏறினால் ஹௌராவில் இறங்கலாம் என்ற நிலை. 1977-இல் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விட்டார்கள். இன்று ஒரு நாளைக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. இந்த ரயிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இது மறுபடி வரும்.

பதினெட்டு வயசு ஆபீசர்

இங்கே வந்த தமிழ் உத்தியோகஸ்தர்களில் மிகப் பெரிய பெயர் சர் சி.வி. ராமன். விஞ்ஞானி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் 1907-இல் கல்கத்தா வந்தது விஞ்ஞானியாக இல்லை. நிதித் துறைப் பரீட்சை எழுதித் தேறி, அசிஸ்டென்ட் அக்கவுண்டன்ட் ஜெனரலாக வந்தார். வயசு 18, கல்யாணம் ஆகி சில வாரங்கள்தான். டிராமில் ஆபீஸ் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு போர்டைப் பார்த்தார். இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் ஆரம்பித்தது, அப்போது ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருந்தது. இவர் போய்க் கதவைத் தட்டினார். ஆபீசுக்கு முன்னாலும் ஆபீசுக்குப் பின்னாலும் ஆராய்ச்சி, நடுவில் சர்க்கார் கணக்கு. பத்து வருஷம் இப்படி.

நடுவில் என்ன ஆனது தெரியுமா? டிரான்ஸ்பர்! 1909-இல் ரங்கூன், 1910-இல் நாக்பூர். 1911-இல்தான் திரும்பி வந்தார். பேங்க்காரர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம் :-)

1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி. கூப்பிட்டவர் அசுதோஷ் முகர்ஜி. கெட்டியான சர்க்கார் உத்தியோகத்தை விட்டு, குறைந்த சம்பளத்துக்கு ராமன் போனார். அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. இவர் முடியாது என்றார், இவருக்காக விதியைத் தளர்த்தினார்கள். ஒரு மதராஸ்காரருக்காக வங்காளிகள் செய்தது அது. 1928 பிப்ரவரி 28, 1930 நோபல் பரிசு, இவை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அதிகம் பேசப்படாதது அதற்கப்புறம் நடந்தது. சங்கத்தில் தென்னிந்திய மாணவர்களுக்கே இடம் தருகிறார் என்ற முணுமுணுப்பு கிளம்பியது. 1933-இல் ராமன் பெங்களூர் போனார். 1934-இல் சங்கத்தின் பொறுப்பும் கையை விட்டுப் போனது. மனக்கசப்போடுதான் போனார். கதையை இங்கே நிறுத்தினால் "பார்த்தீங்களா, நம்மாளை விரட்டிட்டாங்க" என்று முடிக்கலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அதே 1933-இல் அதே சங்கத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக உட்கார்ந்தவர் யார்? வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். அவரும் தமிழர்தான். 1942-இல் அலகாபாத் போகும் வரை இங்கே இருந்தார். ஆக, ஊர் ஒரு கையால் தள்ளியது, இன்னொரு கையால் நாற்காலி போட்டது. வெளியூர் வாழ்க்கையில் இரண்டும் ஒரே வாரத்தில்கூட நடக்கும். ஒன்றை மட்டும் எடுத்துச் சொன்னால் கணக்கு டேலி ஆகாது.

சோத்துப் பிரச்சினை

எரிச்சல்களில் முதலிடம் இதற்குத்தான். வங்காளிக்கும் அரிசிச் சோறுதான் சாப்பாடு. அதனால் பிரச்சினை இருக்காது என்று நினைத்து வருவோம். கடையில் போய்க் கேட்டால் "சித்தொ"வா "ஆதொப்"பா என்பார்கள். நம்ம புழுங்கலும் பச்சரிசியும்தான். ஆனால் அந்தப் புழுங்கலை ஊறப்போட்டு அரைத்தால் இட்லி நம்ம இட்லியாக வராது. எண்ணெய் என்றால் கடுகெண்ணெய். நல்லெண்ணெய்க்குப் பழகிய மூக்குக்கு முதல் ஆறு மாசம் தெருவே நெடி அடிக்கும். கடல் மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கத்திய ஆற்று மீனும் குளத்து மீனும் மண் வாசனை. மீனே சாப்பிடாதவர்கள் பாடு இன்னும் மோசம். "மீன்கூடவா சாப்பிட மாட்டீங்க?" என்று கேட்கிறவர் முகத்தில் நிஜமான பரிதாபம் இருக்கும்.

காபிக்கு வருவோம். காலேஜ் தெருவில் காபி ஹவுஸ் 1942 முதல் இருக்கிறது. கவிஞர்களும் புரட்சிக்காரர்களும் அங்கே உட்கார்ந்துதான் உலகத்தைத் திருத்தினார்கள். காபிக்கொட்டை நம்ம பக்கத்துச் சரக்கு. ஆனால் கிடைக்கும் காபி டிகாக்ஷன் காபி இல்லை. பால் விடாத கறுப்புக் காபிக்கு அங்கே "இன்ஃப்யூஷன்" என்று பெயர். பில்டரை ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த எரிச்சலிலிருந்து பிறந்ததுதான் லேக் மார்க்கெட். 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் தெற்குப் பக்கத்துச் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி (1958-இல் அதற்கு ரவீந்திர சரோபர் என்று பெயர் வைத்தார்கள்), ராஷ்பிகாரி அவென்யூ பக்கம் ரோடு போட்டு மனை பிரித்தது. புது வீடுகள், டிராம் வசதி. மாசச் சம்பளக்காரர்களுக்கு ஏற்ற இடம். தென்னிந்தியக் குடும்பங்கள் அங்கே குவிந்தன. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஒண்டிக்கட்டைகளுக்கு மெஸ். மெஸ்ஸிலிருந்து ஹோட்டல். கோமளா விலாஸ், ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம், பிரேமா விலாஸ் எல்லாம் தலைமுறை தலைமுறையாக இந்தப் பேட்டையில் சோறு போட்ட பெயர்கள். பக்கத்திலேயே வாழை இலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், தொடுத்த பூ, அப்பளம், காபிப்பொடி. ஒரு ஊர்த் தெருவையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த மாதிரி.

ஆனால் ஒன்று. தமிழர்களை மட்டும் நம்பி இந்தக் கடைகள் நின்றிருக்க முடியாது. வங்காளிகளுக்கு மசால் தோசை பிடித்துவிட்டது. இன்றைக்கு இந்தப் பக்கத்து ஹோட்டல் எதில் நுழைந்தாலும் பாதி மேஜைக்கு மேல் அவர்கள்தான். நம்ம எரிச்சலுக்கு நாம் கண்ட மருந்தை, பில் கட்டிக் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

உங்க டைட்டில் என்ன?

இரண்டாவது எரிச்சல் பெயர். வங்காளியில் 'வ' கிடையாது, 'ப' மாதிரிதான் ஒலிக்கும். 'ஸ' பெரும்பாலும் 'ஷ' ஆகிவிடும். 'அ' என்பது 'ஒ' பக்கம் சாய்ந்து நிற்கும். ஆகவே விஸ்வநாதன் இங்கே பிஷ்ஷோநாதன். வெங்கடேசன் பெங்கடேஷன். லக்ஷ்மி, லொக்கி. பாவம், ரமணி என்று பெயர் வைத்த ஆண்கள். வங்காளியில் அந்தச் சொல்லுக்குப் பெண் என்று அர்த்தம்.

அதைக்கூடச் சிரித்துத் தாண்டிவிடலாம். பாரத்தில் வரும் தொல்லை வேறு. இந்த ஊரில் குடும்பப் பெயருக்கு "டைட்டில்" என்பார்கள். முகர்ஜி, போஸ், தாஸ், மண்டல் மாதிரி. "ஆப்னார் டைட்டில்?" என்று கேட்டால் புதிதாக வந்தவர் சினிமா டைட்டிலா என்று முழிப்பார். நமக்கு டைட்டிலே கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். அப்பாவுக்கு ஒரு இனிஷியல், பிள்ளைக்கு ஒரு இனிஷியல். மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒரே வீட்டில் நாலு பேருக்கு நாலு "குடும்பப் பெயர்".

அந்தக் காலத்தில் ஆபீஸ் ஹெட்கிளார்க் தெரிந்தவராக இருந்தால் போதும். இப்போது கம்ப்யூட்டருக்கு யாரையும் தெரியாது. ரிசர்வ் பேங்க் 2002-இலும் 2004-இலும் வாடிக்கையாளரை அறியும் விதிகளைக் கொண்டுவந்த பிறகு பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியல் போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் 'எஸ். மீனாட்சி', பான் கார்டில் 'மீனாட்சி சுந்தரம்', ஆதாரில் 'சுந்தரம் மீனாட்சி'. மூன்றும் ஒரே அம்மாதான் என்று நிரூபிக்க நோட்டரியிடம் அஃபிடவிட். நான் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து இந்த விதியை அமல்படுத்துகிறவன். இதே விதிக்காக ஒரு கேஸ் ஏஜென்சியில் கவுன்டருக்கு வெளிப்பக்கம் மூன்று தரம் நின்றும் இருக்கிறேன். அப்பா பெயர் உள்ள பேப்பர், என் பெயர் உள்ள பேப்பர், இரண்டும் போதாது, "டைட்டில்" உள்ள பேப்பர் வேண்டும் என்றார்கள். இல்லாத ஒன்றை எங்கே போய் ஜெராக்ஸ் எடுப்பது?

மொழி விஷயத்தில் ஒரு ஆறுதல் உண்டு. வங்காளி தண்ணீரைக் குடிக்க மாட்டார், சாப்பிடுவார். "ஜொல் காபேன்?" என்றால் தண்ணீர் சாப்பிடுகிறீர்களா என்று அர்த்தம். இதைக் கேட்டு இந்திக்காரர் சிரிப்பார். நமக்குச் சிரிப்பு வராது. வீட்டுக்கு வந்தவரை "காபி சாப்பிடுங்க" என்றுதானே நாமும் சொல்கிறோம்! இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு மொழியைக் கற்றவர்கள் நிறைய. அதிலே சிலர் ரொம்ப தூரம் போனார்கள். கொல்கத்தாவில் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி, அதீன் பந்த்யோபாத்யாயின் பெரிய நாவலை 'நீலகண்டப் பறவையைத் தேடி' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். கடையில் விலை கேட்கக் கற்கும் மொழி, ஒருத்தர் கையில் அவ்வளவு பெரிய வேலையாகிவிடுகிறது.

ஊருக்குப் பணம்

இது என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தபால் ஆபீஸ் மணியார்டர் 1880-இல் ஆரம்பித்தது. அடுத்த நூறு வருஷத்துக்கு, வெளியூர்ச் சம்பளக்காரன் மாச முதல் வாரத்தில் நிற்கும் இடம் அந்த கவுன்டர்தான். பாரத்தின் அடியில் இரண்டு வரி எழுத இடம் இருக்கும். "சௌக்கியம். தம்பி பீஸ் கட்டவும். லெட்டர் பின்னால்." அந்த இரண்டு வரியை எதிர்பார்த்து ஊரில் ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்து, கைநாட்டு வாங்கிய சீட்டு இங்கே திரும்பி வந்தால்தான் நிம்மதி.

பெரிய தொகை என்றால் பேங்க். மெயில் டிரான்ஸ்பர், அவசரமென்றால் டெலிகிராபிக் டிரான்ஸ்பர். தந்தியில் போகும் செய்தி நிஜமானதுதானா என்று பார்க்க ஒரு ரகசியக் குறியீட்டு எண் இருக்கும். அது ஒத்துவரவில்லையென்றால் பணம் நிற்கும். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணமாக இருந்தாலும் நிற்கும். வெளியூர் செக் வசூலாகி வர வாரக் கணக்கு. டிரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2005 நவம்பரில் நெஃப்ட், 2010-இல் ஐ.எம்.பி.எஸ்., 2016-இல் யு.பி.ஐ. இப்போது ராஷ்பிகாரி அவென்யூவில் நின்றுகொண்டு பட்டுக்கோட்டை மளிகைக் கடைக்குப் பணம் போடலாம். இந்த ஒரு எரிச்சல் முழுசாகவே தீர்ந்தது. அதில் எங்களுக்குப் பெருமைதான்.

லீவு கேட்டு ஒரு மனு

பேங்க் விடுமுறையை நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சட்டப்படி அந்தந்த மாநிலத்துக்கு அறிவிப்பார்கள். இங்கே துர்கா பூஜைக்கு ஊரே மூடிவிடும். பொங்கலன்று பேங்க் திறந்திருக்கும். காலையில் பால் பொங்குவதற்குள் குளித்து, சூரியனுக்குக் காட்டி, ஒன்பதரைக்கு ஆபீசில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு நாம் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்போம், அவர்கள் ராத்திரி காளி பூஜை செய்வார்கள். நாம் வெடித்து முடித்துத் தூங்கப் போகும் நேரத்தில் அவர்கள் ஆரம்பிப்பார்கள். நவராத்திரி ஒன்பது நாளும் நம் வீட்டில் கொலு, சுண்டல். வெளியில் பந்தல், மட்டன் ரோல். பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? :-)

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர, பாட்டுக் கச்சேரி வைக்க, சாஸ்திரத்துக்கு ஆள் தேட, கல்யாண ஜாதகம் பார்க்க என்று ஒவ்வொரு தேவைக்கும் ஒரு கூட்டம் கூடியது. பாரதி தமிழ்ச் சங்கம், ஹிந்துஸ்தான் பார்க்கில் சவுத் இந்தியா கிளப் எல்லாம் அப்படி வந்தவை. பாங்காக் சிலோம் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம்மவர்கள் மாரியம்மன் கோயில் கட்டினார்களே, அதுவும் இதே கதைதான். எங்கே போனாலும் முதலில் எரிச்சல், அப்புறம் கூட்டம், அப்புறம் கட்டிடம்.

போனவர்கள்

எல்லோரும் நிலைத்து நிற்கவில்லை. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் தப்பி வந்தார்கள். அவர்களில் தமிழர்கள் நிறைய. பலருக்கும் கல்கத்தா வழியாகத்தான் ஊர் திரும்பும் பாதை. அந்த டிசம்பரில் கல்கத்தா மேலேயே குண்டு விழுந்தது. நிறையப் பேர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் வங்காளத்தின் கொடும் பஞ்சம், 1944-இல் ரேஷன். 1960-களின் கடைசியில் கெராவ், ஸ்டிரைக், நக்சல் காலம். கம்பெனிகள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் நகர்ந்தன, கூடவே ஸ்டெனோக்களும் அக்கவுண்டன்ட்களும் நகர்ந்தார்கள். 70-களிலும் 80-களிலும் கரண்ட் கட். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984-இல் இங்கே ஓடியபோது, அதைப் பார்க்க இருந்தவர்களைவிடப் போனவர்கள் பட்டியல் நீளம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மிச்சத்தை பெங்களூரும் அமெரிக்காவும் எடுத்துக்கொண்டன. பிள்ளைகள் அங்கே, பெற்றோர் மட்டும் லேக் பக்கத்து ஃபிளாட்டில்.

எரிச்சல்கள் குறையக் குறைய கூட்டமும் குறைவதைக் கண்ணால் பார்க்கிறேன். காபிப்பொடி ஆன்லைனில் வருகிறது, மாவு பாக்கெட்டில் வருகிறது, தமிழ் டிவி போனில் வருகிறது. பக்கத்து வீட்டு மாமியிடம் உறை மோர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவசியம் இல்லாததால் அந்த மாமி யாரென்றே தெரிவதில்லை.

அதே ரயில், எதிர்த் திசையில்

இப்போது அந்தக் கோரமண்டலுக்கு வருகிறேன். நாற்பது, ஐம்பது வருஷம் முன்னால் வரை இந்தப் பாதையில் உத்தியோகத்துக்காக வடக்கே வந்தவர்கள் நாம். இன்று அதே ரயிலில் தெற்கே போகிறவர்களைப் பாருங்கள். ஒரு பாதி, வைத்தியத்துக்கு. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்து போகிறவர்கள் அவ்வளவு பேர். அந்தத் தெருக்களில் லாட்ஜ் போர்டும் மருந்துக்கடை போர்டும் வங்காளி எழுத்தில் இருக்கும். மீன் குழம்பும் சோறும் போடும் மெஸ் இருக்கும். அந்த மெஸ்ஸைப் பார்த்தால் எனக்கு லேக் மார்க்கெட்தான் ஞாபகம் வரும்.

இன்னொரு பாதி, கூலி வேலைக்கு. முர்ஷிதாபாத், மால்டா, சுந்தரவனத்துப் பையன்கள். 2009 மே மாசம் ஐலா புயலில் உப்புத் தண்ணீர் வயலுக்குள் புகுந்த பிறகு சுந்தரவனத்திலிருந்து நிறையப் பேர் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் கிளம்பினார்கள். சென்னைக் கட்டிடங்களிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் இன்று அவர்கள் இருக்கிறார்கள். 2023 ஜூன் 2 சாயங்காலம் ஒடிசாவில் பாலசோர் பக்கம், பஹனாகா பஜார் ஸ்டேஷனில், ஷாலிமாரிலிருந்து கிளம்பிய கோரமண்டல் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அவர்களில் பலர் ரிசர்வேஷன் இல்லாத பெட்டிகளில், சென்னைக்கு வேலை தேடிப் போய்க்கொண்டிருந்த வங்காளப் பையன்கள். எங்கள் கிளைப் பக்கத்து டீக்கடையில் இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை.

நாம் இங்கே பட்ட அதே சின்ன எரிச்சல்கள்தான் அவர்களுக்கும் அங்கே. அரிசி வேறு, எண்ணெய் வேறு, மொழி வேறு. பெயரை யாரும் சரியாகச் சொல்வதில்லை, "ஏய் பாய்", "வடக்கன்" என்று எல்லோருக்கும் ஒரே பெயர். நம்மை இந்த ஊரில் "தேந்துல்" என்பார்கள், புளி என்று அர்த்தம். அதைக் கேட்டு மூஞ்சியைச் சுளித்தவர்கள் நாம். துர்கா பூஜைக்கு அவர்களுக்கு லீவு கிடையாது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. கார்டு செல்லும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வரிசையில் நின்று, தமிழ் தெரியாமல், அதைக் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பையன்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு, அது சின்னதில்லை. நாம் மாசச் சம்பளத்தோடு வந்தோம். வாடகை கொடுக்க முடிந்தது, சங்கம் வைக்க முடிந்தது, சந்தா கட்ட முடிந்தது. எரிச்சல் வந்தால் அதைக் கட்டிடமாக்க நம்மிடம் கொஞ்சம் காசும் கொஞ்சம் இங்கிலீஷும் இருந்தன. அவர்கள் தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்து எழுந்திருக்கிறார்கள். நமக்கு எரிச்சலாக இருந்தது, அவர்களுக்கு நிஜமான கஷ்டம்.

இந்த ஊர் நமக்கு எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். ராமன் கதையே சாட்சி. ஆனால் ஒரு மதராஸ்காரருக்காக ஒரு விதியைத் தளர்த்தியது, நம்ம தோசையைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டு நம்ம ஹோட்டலை நிறுத்தி வைத்தது, வாடகைக்கு வீடு கொடுத்தது எல்லாம் இந்த ஊர்தான். பேங்க் பாஷையில் சொன்னால், நம் கணக்கில் நூறு வருஷமாக ஒரு பற்று நிற்கிறது. அதை இங்கே வந்து கட்ட வேண்டியதில்லை. கட்ட வேண்டிய கிளை ஊரிலேயே இருக்கிறது. திருப்பூரில், ஸ்ரீபெரும்புதூரில், உங்கள் தெருவில் எழும்பும் புதுக் கட்டிடத்தின் வாசலில்.

நீங்கள் துபாயிலோ பாங்காக்கிலோ இருந்தால், அடுத்த தரம் லீவில் ஊருக்குப் போகும்போது அந்தக் கட்டிட வாசலில் நிற்கும் பையனிடம் பெயரைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு தரம் கேட்டாலும் பரவாயில்லை, சரியாகச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவன் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பெயரை யாராவது ஒழுங்காகச் சொன்ன அன்றைக்கு நமக்கு எப்படி இருந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

சரி, உங்க ஊரில் முதல் வருஷம் உங்களை ரொம்பப் படுத்திய சின்ன விஷயம் எது? அதை யார் தீர்த்து வைத்தார்கள்? சொல்லுங்கள், கேட்கிறேன்.